வெள்ளிச்சுனையில் காப்ளினுக்குத் தண்ணீர்

சனிக்கிழமை மதியம் மூன்று மணியானால் நான் எல்ஃப் அரசகுமாரியாகிவிடுவேன். அதற்குள் துணி காயப்போட்டு, குக்கரை இறக்கி, அம்மாவிடம் போனில் சாப்பிட்டுவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லி முடித்திருக்க வேண்டும். ஹைதராபாத் கச்சிபௌலியில் பதினான்காவது மாடியில் ஒண்டிக்கட்டையாக இருக்கிறேன். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. வாரத்தில் ஐந்து நாள் அடுத்தவர் தப்பைத் தேடிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு மிச்ச இரண்டு நாள் கை சும்மா இருக்குமா? அதனால்தான் இந்த விளையாட்டு.

விளையாட்டு என்றால் கம்ப்யூட்டரில், ஆன்லைனில், ஊர் உலகமெல்லாம் சேர்ந்து விளையாடுவது. வாள், மந்திரம், டிராகன் எல்லாம் உண்டு. உள்ளே போகும்போதே ஓர் இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்ஃப் என்றால் கூர்மையான காது, வெள்ளித் தலைமுடி, முந்நூறு வயதிலும் சுருக்கம் விழாத முகம், அதற்கேற்ற திமிர். காப்ளின் என்றால் பச்சைத்தோல், கோணல்பல், குகையில் குடித்தனம். நாங்கள் விளையாடும் சர்வரில் கூடுதலாக ஒரு நிபந்தனை இருந்தது. நடிக்க வேண்டும். எல்ஃப் காப்ளினைப் பார்த்தால் முகம் சுளிக்க வேண்டும், குள்ளர்கள் எல்ஃபை நம்பவே கூடாது, மனிதர்கள் எல்லோரையும் ஏமாற்ற வேண்டும். அன்பாக நடந்துகொண்டால் நடிப்பு போதாது என்று சொல்லிவிடுவார்கள்.

எங்கள் குழுவில் நாலு பேர். நாலு பேரும் ஹைதராபாத்தில் இருக்கும் தமிழர்கள். தலைவர் சைனிக்புரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். விளையாட்டில் மந்திரவாதி. மூன்று மணிக்கு ஹெட்செட்டில் ஆஜர் எடுப்பார். ஒரு நிமிடம் தாமதமானாலும் குரலில் கஞ்சி போட்டுவிடுவார். எல்லோருக்கும் அவர் சார்தான். குள்ளராக வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். சனத்நகரில் ஒரு தொழிற்சாலையில் டிசைன் போடுகிறார், நேரில் ஆறடி உயரம். நாலாவது ஆள், காப்ளின், என் தோழி.

என்னை இந்த விளையாட்டுக்கு இழுத்துவந்ததே அவள்தான். நான் ஹைதராபாத்துக்கு வந்த புதிதில் எனக்குத் தெரிந்த முகங்கள் கேப் டிரைவர்களும் லிஃப்ட் கண்ணாடியில் தெரிந்த என் முகமும் மட்டும். அப்போது ஒருநாள் ஆபீஸ் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தாள். என் தயிர்சாதத்தைப் பார்த்தாள். "தெனமும் இதேவா? நக்கோ யார், இதைத் துன்னு" என்று தன் டப்பாவைத் தள்ளினாள். செகந்தராபாத் ரயில்வே பட்டறையில் மூன்று தலைமுறையாக வேலை பார்த்த குடும்பம். வட ஆற்காட்டுத் தமிழையும் தெலுங்கையும் ஹைதராபாத் ஹிந்தியையும் ஒரே கரண்டியால் கலக்கிப் பேசுவாள். நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம், யார் என்றால் தோழி. அன்றிலிருந்து நாலு வருடம் அவள் டப்பாவில் கைவிட்டுத்தான் சாப்பிட்டு வந்தேன். இந்த ஊரில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள். அவள் இல்லாத நாளில் கேன்டீனுக்கே போகமாட்டேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நேரில் பேசினால் வேலை போய்விடும் என்பதால் அதையெல்லாம் சனிக்கிழமைக்குச் சேர்த்துவைத்திருப்பேன். மற்ற குழுக்களின் எல்ஃபுகள் காப்ளினை நாற்றம், அழுக்கு என்று இரண்டே வார்த்தையில் திட்டிவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். எனக்கு அந்த வறட்சி பிடிக்காது. உன் பல்லைப் பார்த்தால் பழைய பஸ் ஸ்டாண்டு பெஞ்சு ஞாபகம் வருகிறது என்பேன். உன் காதில் துணி காயப்போடலாம் என்பேன். அவள் சும்மா இருக்கமாட்டாள். முந்நூறு வயதாகியும் மாப்பிள்ளை கிடைக்கவில்லையே, தோஷம் ஏதாவது இருக்கிறதா என்று பச்சைத்தோல் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு கேட்பாள். குள்ளர் சிரித்துச் சிரித்து ஹெட்செட்டைக் கழற்றிவிடுவார். ஆறு மணிக்கு ஆட்டம் முடிந்ததும், திட்டியவர் திட்டு வாங்கியவரிடம் சொந்தக் குரலில் டீ குடித்தாயா என்று கேட்க வேண்டும். இது சாரின் உத்தரவு. நான் கேட்பேன், அவள் ஹவ் என்பாள், அத்தோடு சரி.

வடக்கு மூலையில் வெள்ளிச்சுனை என்று ஓர் இடம் உண்டு. அந்தத் தண்ணீரைக் குடித்தால் காயமெல்லாம் ஆறிவிடும். யார் வேண்டுமானாலும் போய்க் குடிக்கலாம். விளையாட்டைச் செய்தவர்கள் எந்தத் தடையும் வைக்கவில்லை. வைத்தவள் நான். ஒரு சனிக்கிழமை சண்டை முடிந்து நாலு பேரும் அடிபட்டுச் சுனைக்கு வந்தோம். காப்ளின் முதலில் ஓடியது. எனக்கு என்ன தோன்றியதோ, நில் என்றேன். நீ தொட்டால் சுனை கெட்டுப்போகும், தள்ளி நில், நான் மொண்டு ஊற்றுகிறேன், குனிந்து கையில் வாங்கிக் குடி என்று அரசகுமாரிக் குரலில் ஆணையிட்டேன்.

காப்ளின் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டது. அந்த விளையாட்டில் காலணியைக் கழற்ற மூன்று இடத்தில் போய் அழுத்த வேண்டும். அந்தச் சிரமத்தை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. நாலடி பின்னால் போய், முதுகை வளைத்து, இரண்டு கையையும் சேர்த்து வாயருகே வைத்துக்கொண்டது. "கொஞ்சம் தண்ணி ஊத்துங்க தாயி" என்றது அவள் குரல். அது அவள் வழக்கமாகப் பேசும் காப்ளின் குரலாகவே இல்லை. நான் உயரத்திலிருந்து ஊற்றினேன்.

சார் சபாஷ் என்றார். குள்ளர் அந்தக் காட்சியைப் படம்பிடித்து சர்வரின் பொதுப்பலகையில் போட்டார். என்னம்மா நடிக்கிறாய், எங்கே கற்றுக்கொண்டாய் என்று நான் கேட்டதற்கு, "தெரியும் யார்" என்று மட்டும் சொன்னாள். அன்று ஆறு மணிக்கு டீ குடித்தாயா என்று கேட்டபோது அவள் ஏற்கெனவே வெளியேறியிருந்தாள். நெட் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் பரவியது. அடுத்த வாரமே முன்பின் தெரியாத எல்ஃபுகள் சுனையில் காப்ளின்களைத் தள்ளி நிறுத்தத் தொடங்கினார்கள். இவ்வளவு அசலாக ஒரு வழக்கத்தை எப்படிக் கற்பனை செய்தீர்கள் என்று யார் யாரோ எனக்கு எழுதினார்கள். எல்ஃப் மரபு முழுவதையும் ஒரு பக்கமாக எழுதித்தரச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேன்டீனில் உட்கார்ந்து ஒரே மதிய இடைவேளையில் பன்னிரண்டு விதி எழுதிவிட்டேன். காப்ளின் எல்ஃப் தெருவில் காலணியோடு நடக்கக் கூடாது. எல்ஃப் விருந்தில் காப்ளினுக்குக் கடைசிப் பந்தி, வாசலுக்கு வெளியே. கைக்குக் கை எதையும் கொடுக்கக் கூடாது, கீழே வைத்தால் எடுத்துக்கொள்ள வேண்டும். காப்ளினுக்கென்று தனிக் குவளை, குடித்துவிட்டு வேலியோரம் கவிழ்த்துவைக்க வேண்டும். ஆபீஸில் ஒரு பக்க அறிக்கை எழுத எனக்கு இரண்டு நாள் ஆகும். இதை எழுத நடுவில் ஒருமுறைகூட நிறுத்தி யோசிக்கவில்லை. நம் கற்பனையே கற்பனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் எதிரே உட்கார்ந்து போனில் அதைப் படித்தாள். மேலிருந்து கீழே ஒருமுறை, மறுபடி ஒருமுறை. நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"ஏழாவது தப்பு" என்றாள். "கவுத்து வெச்சா மட்டும் பத்தாது. கழுவிக் கவுக்கணும். குடிச்சவங்களேதான் கழுவணும்."

அட ஆமாம், அது இன்னும் பொருத்தமாக இருக்கிறதே என்று சொல்லி, அவள் கண்ணெதிரிலேயே திருத்தினேன். நன்றி என்று கைகூப்பிய படம் ஒன்றை அவள் போனுக்கு அனுப்பிவேறு வைத்தேன். பிழை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். டப்பாவை மூடிக்கொண்டு, மீட்டிங் இருக்கிறது என்று எழுந்துபோனாள். அதில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுவேலைக்கு வரும் அம்மா பாத்திரம் துலக்கி முடித்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். பால்கனியில் வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்றபடி குடித்தார், குழாயைத் திறந்தார், டம்ளரைக் கழுவினார், கம்பிமேல் கவிழ்த்துவைத்துவிட்டு வருகிறேன் என்று தெலுங்கில் சொல்லிக் கிளம்பினார். மூன்று வருடமாகத் தினமும் நடப்பதுதான். நான் சமையலறை வாசலில் அந்த டம்ளரைப் பார்த்தபடி நின்றேன்.

சத்தியமாக நான் அப்படி ஒரு விதியும் போட்டதில்லை. அவர் வேலைக்கு வந்த முதல் நாள் டீ கொடுக்க ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். நல்ல டம்ளர்தான், பெரியது. மறுநாளும் அதையே எடுத்தேன். அது பால்கனியிலேயே இருந்தால் எடுக்க வசதி என்று தோன்றியது. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. என் ஊர் வீட்டில் கொல்லைப்புறத்துச் சுவரில் இதேபோல ஒரு டம்ளர் இருந்தது, என் அக்கா வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு விதிகளையும் நான் ஏன் யோசிக்காமல் எழுதினேன் என்பது அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தது. அதைவிட, ஏழாவது விதியைச் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வராதது பயமாக இருந்தது. நான் பார்க்கவே இல்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வேலைக்காரம்மாவுக்கு என் பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தேன். பெரிய புரட்சி செய்த நினைப்பு எனக்கு. அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது இரண்டு வாய்க்குக்கூடக் காணாது, என் டம்ளரிலேயே கொடும்மா என்றார். டம்ளரைக் கழுவி உள்ளே மற்ற டம்ளர்களோடு அடுக்கிவைத்தேன். இரண்டு நாள் கழித்து அது மறுபடி பால்கனிக் கம்பிக்குப் போயிருந்தது. அவர் வைத்தாரா, பழக்கத்தில் நானே வைத்தேனா தெரியவில்லை.

பொதுப்பலகையிலிருந்து என் பக்கத்தை அழித்தேன். அழித்து என்ன செய்ய, அதற்குள் பத்து இடத்தில் பிரதி எடுத்துவிட்டிருந்தார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்குச் சார் ஆஜர் எடுத்தபோது அவளும் வந்திருந்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் சுனைக்குப் போனால் அங்கே முன்பின் தெரியாத எல்ஃபுகள் மூன்று பேர் வழிமறித்து நின்றார்கள். காப்ளின் காலணியைக் கழற்ற வேண்டும் என்று ஹிந்தியில் சொன்னார்கள். அவள் கழற்றினாள். குனிந்தாள். ஊற்றினார்கள். ஒரு குவளையைக் கீழே வைத்துக் கழுவச் சொன்னார்கள்.

வேண்டாம், விடுங்கள், அவள் நேராகப் போய்க் குடிக்கட்டும் என்று சொந்தக் குரலில் கத்திவிட்டேன். நடிப்பைக் கலைத்ததற்குச் சார் என்னைக் கண்டித்தார். அந்த மூவரில் ஒருவர், பாவம், எனக்குப் பொறுமையாக விளக்கினார். எல்ஃபுகளிடம் ஆதிகாலம் தொட்டு இருந்துவரும் வழக்கமாம் இது, புதிதாக வந்தவர்கள் மாற்றச் சொல்வது சரியில்லையாம். அதன் வயது ஒரு மாதம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதுவும் பொய். அவள் குவளையைக் கழுவிவைத்துவிட்டு வெளியேறினாள்.

திங்கட்கிழமை கேன்டீனில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். மன்னிப்பு, தெரியாமல், நினைத்துப்பார்க்கவில்லை என்று நான் தயாரித்துவந்திருந்த வாக்கியங்கள் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அவள் சாப்பிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். டப்பா அவள் பக்கமே இருந்தது.

"நீ பல்லைச் சொன்ன, காதைச் சொன்ன. அதெல்லாம் காப்ளினுக்கு. நெஜமாவே சிரிச்சேன்" என்றாள். "அந்தத் தண்ணி மட்டும் காப்ளினுக்கு இல்ல யார். அது எங்களுக்கு."

அப்படியென்றால் ஏழாவது விதியை ஏன் திருத்தினாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

"எழுதறதே எழுதற, முழுசா எழுதுன்னுதான். நீ பாத்துப் பழகினவ. செஞ்சு பழகினது நாங்க. பாதிதானே உனக்குத் தெரியும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். டிக்கெட் கவுன்டரில் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். இந்தச் சனிக்கிழமை வரமாட்டேன், அடுத்த வாரமும் வருவேனா தெரியாது என்றாள். மறுநாளிலிருந்து தன் டீம் ஆட்களோடு வேறு மேஜையில் சாப்பிட்டாள். என்னைப் பார்த்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான். நான் என் இடத்திலேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். ஒரு விளையாட்டுக்காகவா இப்படி என்று எனக்கே நான் ஒருநாள் சொல்லிப்பார்த்தேன், எடுபடவில்லை. அவள் போய்விட்டால் இந்த ஊரில் எனக்கு யாருமில்லை என்பது ஒரு பக்கம். போவதுதான் அவளுக்கு நியாயம் என்பது இன்னொரு பக்கம்.

சனிக்கிழமை நான் விளையாடப் போகவில்லை. நாளை உன் வீட்டுக்கு வரலாமா என்று அவளுக்கு அனுப்பினேன். நாலு வருடத்தில் அவள் என்னை எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். கச்சிபௌலியிலிருந்து செகந்தராபாத் போகிற டிராஃபிக்கைச் சொல்லி ஒவ்வொரு தடவையும் நழுவியிருக்கிறேன். மூன்று மணிநேரம் பதில் இல்லை. போனைக் கவிழ்த்துவைத்தேன், நிமிர்த்தினேன், குளித்தேன், மறுபடி பார்த்தேன். கடைசியில் வந்தது.

"ஸாரி சொல்ல வர்றதுன்னா நக்கோ. சாப்புட வர்றதுன்னா வா."

ஞாயிற்றுக்கிழமை கேப் பிடித்தேன். முக்கால் மணி நேரத்தில் வீட்டு வாசலில் இருந்தேன். நாலு வருடமாக நான் புலம்பிய டிராஃபிக் எங்கே போனதோ. ரயில்வே காலனிக்குப் பின்னால் சின்ன மாடிவீடு. மீன் வறுக்கும் வாசனை படிக்கட்டிலேயே வந்தது. அவள் சமையலறையிலிருந்து தலையை நீட்டி, உக்காரு, பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். முகத்தில் சிரிப்புமில்லை, கோபமுமில்லை. அவள் அம்மா ஹாலுக்கு வந்தார். சோபாவில் விரித்திருந்த புதுத் துணியை இன்னொரு முறை நீவிவிட்டு என்னை உட்காரச் சொன்னார். ஊரில் மழையா, அம்மா அப்பா சௌக்கியமா, இங்கே தனியாகப் பயமில்லையா என்று விசாரித்தார். மகளைப்போலவே அவருக்கும் வாய் ஓயாது. நானும் பதிலுக்கு அளந்தேன். சிறிது நேரத்தில் எனக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

பேச்சுக்கு நடுவில் உள்ளே போய் ஒரு தட்டு கொண்டுவந்தார். அதில் தண்ணீர் பாட்டில் இருந்தது. கடையில் வாங்கியது, மூடியின் சீல்கூட உடைக்காதது. ஜன்னலோரம் மண்பானையும் அதன்மேல் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களும் இருப்பதை நான் வந்தபோதே பார்த்திருந்தேன். பானைத் தண்ணீரே போதுமே என்றேன்.

"பரவால்லம்மா, இதையே குடிங்க. உங்களுக்குன்னுதான் வாங்கியாரச் சொன்னேன். ஆபீஸ்லேர்ந்து யார் வந்தாலும் வாங்கி வெச்சுடுவேன். பாதிப் பேர் டம்ளரைக் கையில வாங்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம முழிப்பாங்க. எதுக்கு அவங்களுக்குச் சங்கடம்."

குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் வருகிறவர்களுக்கு சர்க்கரை போட்டதா போடாததா என்று கேட்பார்களே, அந்த மாதிரி அக்கறையாகச் சொன்னார். அவள் சமையலறை வாசலில் கரண்டியோடு வந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வந்தால் வராதே என்றிருக்கிறாளே. எழுந்துபோய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, வாய் வைத்துக் குடித்தேன். அம்மா பதறிப்போய் ஒரு கையை நீட்டினார், பிறகு இறக்கிக்கொண்டார். அவள் உள்ளே திரும்பிப்போய் மீனைப் புரட்டினாள்.

நான் இன்னொரு டம்ளரும் மொண்டு குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதன்பிறகுதான் அம்மா எனக்கு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் வந்ததிலிருந்து அதுவரை அவர் தன் வீட்டு ஹாலில் நின்றுகொண்டேதான் என்னோடு பேசிக்கொண்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.